கிஃப்ட் என்றால் பரிசா, விஷமா, கல்யாணமா?

கொஞ்சம் நீளமான பதிவு. சாப்பிட்டுவிட்டு ஆற அமர உட்கார்ந்து படியுங்கள்.

என் பழைய மாணவி ஒருத்தி ஜெர்மனியில் நர்ஸாக வேலை பார்க்கிறாள். போன மாதம் ஒரு குரல் செய்தி அனுப்பியிருந்தாள். "டீச்சர், இங்க மருந்து அலமாரி மேல மண்டை ஓடு படம் போட்டு கிஃப்ட்னு எழுதியிருக்கு. கிஃப்ட்னா இவங்களுக்கு விஷமாம். கூட வேலை பார்க்கிற ஸ்வீடன்காரம்மா, எங்க ஊர்ல அதே எழுத்துக்கு கல்யாணம் ஆனவங்கன்னு அர்த்தம்னு சொல்லிச் சிரிக்கிறாங்க. நீங்க ஆறாம் வகுப்பில் பரிசுன்னுதானே சொல்லிக் கொடுத்தீங்க?"

நான் சொல்லிக் கொடுத்தது சரிதான், ஆங்கிலத்துக்கு. ஆனால் அவள் கேட்ட கேள்விக்கு இரண்டு வரியில் பதில் சொல்ல முடியாது. ஆசிரியர் பயிற்சிப் பட்டயத்தோடு நடுநிலைப் பள்ளியில் காலம் தள்ளியவள் நான். ஓய்வு பெற்ற பிறகு சொற்களின் பூர்வீகம் தேடிப் படிப்பது ஒரு பழக்கமாகிவிட்டது. அவளுக்கு எழுதிய பதிலை உங்கள் எல்லாருக்குமாக விரித்து எழுதுகிறேன். இதைப் படித்தபோது என் மனசில் வேறொரு விஷயமும் புரண்டது. அதையும் சொல்கிறேன்.

முதலில் கரும்பலகையில் எழுதுவதுபோல் எழுதிவிடுகிறேன்.

ஆங்கிலத்தில் கிஃப்ட் = பரிசு, அன்பளிப்பு.
ஜெர்மனில் கிஃப்ட் = விஷம்.
டச்சு மொழியில் கிஃப்ட் = நன்கொடை. கடைசி எழுத்தை விட்டு கிஃப் என்றால் விஷம்.
ஸ்வீடிஷ், டேனிஷ், நார்வீஜியன் மூன்றிலும் கிஃப்ட் = திருமணமானவர். அதே எழுத்துக்கு விஷம் என்றும் பொருள்.
ஐஸ்லாந்து மொழியில் கிஃப்தா = நல்ல அதிர்ஷ்டம். அதே சொல் வினையாக வந்தால் மணம் முடித்துக் கொடுப்பது.

இவை எல்லாம் ஜெர்மானிய மொழிகள் என்று சொல்லப்படும் ஒரே குடும்பம். தமிழ், மலையாளம், கன்னடம், தெலுங்கு எப்படி ஒரு வீட்டுப் பிள்ளைகளோ, அப்படி. வேறு வேறு இடத்திலிருந்து வந்து தற்செயலாக ஒரே ஒலியில் நிற்கும் சொற்கள் அல்ல இவை. ஒரே தாயின் பிள்ளைகள். ஒருத்தி பரிசாகவும், ஒருத்தி விஷமாகவும், ஒருத்தி கல்யாணப் பெண்ணாகவும் ஆனது எப்படி என்பதுதான் கதை.

வேர் மிகவும் எளிது. ஆங்கிலத்தில் கிவ் என்றால் கொடு. ஜெர்மனில் கேபன். அந்த வினையோடு ஒரு 'ட்' சேர்ந்து பெயர்ச்சொல் ஆனதுதான் கிஃப்ட். ஆங்கிலத்தில் டிரைவ் என்பதிலிருந்து டிரிஃப்ட் வருகிறது, த்ரைவ் என்பதிலிருந்து த்ரிஃப்ட் வருகிறது. அதே முறைதான். ஆக, பழைய காலத்தில் கிஃப்ட் என்றால் 'கொடுத்தல்' அல்லது 'கொடுக்கப்பட்டது'. அவ்வளவுதான்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். எதைக் கொடுத்தார்கள், யாருக்குக் கொடுத்தார்கள், யார் கொடுத்தார்கள் என்று அந்தச் சொல்லுக்குள் எதுவும் இல்லை. அது ஒரு காலிப் பாத்திரம். ஒவ்வொரு ஊர்க்காரரும் தங்கள் வாழ்க்கையில் எந்தக் 'கொடுத்தல்' பெரிதாக இருந்ததோ, எதை வெளிப்படையாகச் சொல்லக் கூசினார்களோ, அதை அந்தப் பாத்திரத்தில் ஊற்றினார்கள்.

முதலில் இங்கிலாந்துக்குப் போவோம். சுமார் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு அங்கே பேசப்பட்ட பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல் இருந்தது. ஆனால் அதற்குப் பிறந்தநாள் பரிசு என்று பொருள் இல்லை. மணமகன் பக்கத்திலிருந்து பெண்ணுக்காகக் கொடுக்கும் பொருள் என்றுதான் அர்த்தம். நம் ஊரில் பரிசம் போடுவது என்கிறோமே, கிட்டத்தட்ட அது. அதே சொல்லைப் பன்மையில் சொன்னால் கல்யாணம். ஆக, இன்று பிறந்தநாளுக்குக் கலர்த் தாள் சுற்றிக் கொடுக்கும் கிஃப்ட், அன்று கல்யாணப் பந்தலில் நின்ற சொல்.

அந்த வழக்கம் இன்னும் பழையது. ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ், கி.பி. 98-ல் ஜெர்மானிய மக்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் ஒரு செய்தியை வியப்போடு குறிப்பிடுகிறார். ரோமில் பெண் வீட்டார் சீதனம் கொடுப்பார்கள்; ஆனால் ஜெர்மானியரிடம் கணவன்தான் மனைவிக்குக் கொண்டுவருகிறான் என்கிறார். என்ன கொண்டுவந்தானாம்? பட்டும் நகையும் இல்லை. மாடுகள், கடிவாளம் பூட்டிய குதிரை, கேடயம், ஈட்டி, வாள். பெண்ணின் பெற்றோரும் உறவினரும் சுற்றி நின்று அவற்றைப் பார்த்து ஒப்புக்கொள்வார்களாம்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. இங்கிலாந்தின் கென்ட் பகுதியை ஆண்ட எதெல்பெர்ட் என்ற அரசர் சுமார் கி.பி. 600-ல் சட்டங்கள் எழுதி வைத்தார். ஆங்கில மொழியில் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய சட்டங்கள் அவை. அதில் ஒன்று, ஒருவன் ஒரு பெண்ணை 'வாங்கினால்' என்று தொடங்குகிறது. பேரத்தில் ஏமாற்று இல்லையென்றால் அது செல்லும். ஏமாற்று இருந்தால் பெண்ணைக் கொண்டுபோய் அவள் வீட்டில் விட்டுவிட்டுப் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். கடையில் வாங்கிய சாமானைத் திருப்பிக் கொடுப்பதுபோல. படித்தபோது எனக்குச் சுருக்கென்றது.

ஆனாலும் பெண் கையில் நேராக வந்து சேரும் ஒரு கொடையும் அங்கே இருந்தது. கல்யாணத்துக்கு மறுநாள் காலையில் கணவன் மனைவிக்குக் கொடுக்கும் பொருளுக்குக் 'காலைக் கொடை' என்றே பெயர். பழைய ஆங்கிலம், ஜெர்மன், ஸ்வீடிஷ் என்று எல்லா வீட்டிலும் இந்தச் சொல் உண்டு. தகப்பனுக்குப் போகும் கொடை வேறு, அவளுக்கே வரும் கொடை வேறு. கொடுத்தல் என்ற ஒரே சொல்லுக்குள் இத்தனை கணக்கு.

சரி, பரிசப் பணம் எப்படிப் பிறந்தநாள் பரிசாக மாறியது? அங்கே வைக்கிங்குகள் வருகிறார்கள். 793-ல் லிண்டிஸ்ஃபார்ன் மடத்தைக் கொள்ளையடித்தவர்கள், 865-க்குப் பிறகு பெரும்படையாக வந்து வடக்கிலும் கிழக்கிலும் குடியேறிவிட்டார்கள். டெர்பி, விட்பி, கிரிம்ஸ்பி என்று 'பி'யில் முடியும் ஊர்ப் பெயர்கள் அவர்கள் விட்டுச் சென்ற சுவடு. அவர்கள் மொழியிலும் இதே சொல் இருந்தது. அங்கே அதற்குக் கொடை, நல்ல பேறு என்று அகலமான பொருள்.

உச்சரிப்பில் ஒரு சின்ன வேறுபாடும் இருந்தது. பழைய ஆங்கிலேயர் இதை 'யிஃப்ட்' என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். வந்தவர்கள் 'கிஃப்ட்' என்று அழுத்திச் சொன்னார்கள். பக்கத்துப் பக்கத்து வீட்டில் குடியிருந்து, சந்தையில் பேரம் பேசி, பெண் எடுத்துப் பெண் கொடுத்துக் கலந்த பிறகு, வந்தவர்களின் ஒலியும் பொருளும் நிலைத்துவிட்டன. கிவ் என்ற வினையும் அப்படித்தான் ககர ஒலிக்கு மாறியது. இதில் ஒரு வேடிக்கை. இன்று ஸ்வீடன்காரர்கள் அதே சொல்லை 'யிஃப்ட்' என்றுதான் சொல்கிறார்கள். ஆங்கிலேயரைக் ககரம் சொல்ல வைத்துவிட்டு, வடக்கத்தியவர்களில் ஒரு சாரார் தாங்கள் யகரத்துக்குப் போய்விட்டார்கள்.

இப்போது ஜெர்மனி. இங்கேதான் பரிசு விஷமாகிறது.

விஷத்துக்கு ஜெர்மானிய மொழிகளில் வேறு ஒரு பழைய சொல் இருந்தது. அதன் எச்சங்கள் இன்றும் கிடக்கின்றன. ஜெர்மனில் ஐட்டர் என்றால் இப்போது சீழ். ஐஸ்லாந்தில் எய்த்துர் என்றால் இன்றும் விஷம். டேனிஷ் மொழியில் சிலந்திக்கு எதர்கோப் என்று பெயர். அதன் முன்பாதி இந்த விஷச் சொல்தான். ஆக, விஷத்துக்குப் பெயர் இல்லாமல் ஒன்றும் அவர்கள் திண்டாடவில்லை. பெயர் இருந்தும் அதைச் சொல்லாமல் 'கொடுத்தது' என்று சொல்ல ஆரம்பித்தார்கள். ஏன்?

ஒரு காரணம் வைத்திய நூல்களிலிருந்து வந்தது. கிரேக்க மொழியில் தோசிஸ் என்றால் கொடுத்தல். வைத்தியர்கள் நோயாளிக்கு ஒரு வேளைக்குக் கொடுக்கும் மருந்தின் அளவை அந்தச் சொல்லால் குறித்தார்கள். அது லத்தீனுக்குப் போனது. நாம் இன்று டாக்டர் சீட்டைப் பார்த்து "எத்தனை டோஸ்?" என்று கேட்கிறோமே, அதே சொல்தான். லத்தீன் படித்த ஜெர்மானியத் துறவிகளும் வைத்தியர்களும் தோசிஸ் என்பதைத் தங்கள் மொழியில் சொல்லுக்குச் சொல் கிஃப்ட் என்று ஆக்கினார்கள். முதலில் மருந்து கொடுத்தல்; அப்புறம் கொல்லும் மருந்து; அப்புறம் விஷம் மட்டும்.

இன்னொரு காரணம் மனித மனசு. பயங்கரமான ஒன்றை அதன் பெயரால் அழைக்க யாருக்கும் நாக்கு வராது. நம்மிடமே இது இல்லையா? ஊரில் யாராவது பூச்சிமருந்தைக் குடித்துவிட்டால், விஷம் குடித்தான் என்று யார் சொல்கிறார்கள்? "மருந்தக் குடிச்சிட்டான்" என்றுதான் குரலைத் தாழ்த்திச் சொல்கிறோம். நலம் தரும் சொல் ஒன்றை எடுத்துப் போர்த்தி மூடுகிறோம். அவர்களும் அதையே செய்தார்கள். இடைக்கால ஜெர்மனில் ஃபெர்கேபன் என்ற சொல்லுக்கு விஷம் வைத்தல் என்றும் ஒரு பொருள் இருந்தது. இன்றைய ஜெர்மனில் அதே சொல்லுக்கு மன்னித்தல் என்று பொருள்! இரண்டுக்கும் அடியில் 'கொடு' என்ற ஒரே வேர்.

மூடிப் போர்த்துவதில் ஒரு தொல்லை உண்டு. போர்வை நாளடைவில் உள்ளே இருப்பதன் நாற்றத்தை ஏற்றுக்கொள்ளும். கிஃப்ட் என்ற நல்ல சொல்லை விஷத்துக்குப் போர்வையாகப் போட்டுப் போட்டு, கடைசியில் ஜெர்மானியர்கள் பரிசுக்கு அந்தச் சொல்லைப் பயன்படுத்தவே முடியாமல் போயிற்று. பரிசுக்கு கெஷெங்க் என்ற வேறு சொல்லுக்குப் போய்விட்டார்கள். அதன் பூர்வீகப் பொருள் என்ன தெரியுமா? குடிக்க ஊற்றிக் கொடுத்தல்.

1538-ல் பாராசெல்சஸ் என்ற புகழ்பெற்ற மருத்துவர் ஜெர்மன் மொழியில் எழுதிய ஒரு கருத்து மருத்துவ மாணவர்கள் எல்லாருக்கும் தெரியும். எந்தப் பொருளும் விஷமாகலாம், அளவுதான் அதைத் தீர்மானிக்கிறது என்பது அதன் சாரம். அவர் அதைச் சொல்லும்போது கிஃப்ட், தோசிஸ் இரண்டு சொற்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார். ஒன்று ஜெர்மன், ஒன்று கிரேக்கம். இரண்டுக்கும் மூலப்பொருள் 'கொடுத்தல்'. அதற்குள் ஒன்று விஷமாகிவிட்டது, மற்றது அளவாகிவிட்டது.

ஆனால் பழைய நல்ல பொருள் ஜெர்மனியில் முழுதாகச் சாகவில்லை. ஒரே ஒரு சொல்லில் ஒளிந்துகொண்டு பிழைத்திருக்கிறது. மிட்கிஃப்ட். 'மிட்' என்றால் கூட, உடன். கூடக் கொடுத்தனுப்புவது. அதாவது வரதட்சணை! டாசிட்டஸ் காலத்தில் மாப்பிள்ளை கொண்டுவந்த கொடை, பிற்காலத்தில் திசை மாறிப் பெண் வீட்டிலிருந்து போகும் கொடையாகி, அந்தச் சொல்லில் நிற்கிறது. வரதட்சணைக்காகவே பெண் தேடி அலைகிறவனை 'மிட்கிஃப்ட் வேட்டைக்காரன்' என்பார்கள். இன்று ஒரு ஜெர்மன் குழந்தை அந்தச் சொல்லைப் பிரித்துப் பார்த்தால் 'கூட வரும் விஷம்' என்றுதான் அதற்குத் தோன்றும். இலக்கணம் தெரிந்தவர்கள் மட்டும் வேறுபாட்டைக் கண்டுகொள்வார்கள்: மிட்கிஃப்ட் பெண்பால், விஷமான கிஃப்ட் ஒன்றன்பால்.

இந்த இரட்டைப் பொருள் பெரிய அறிஞர்களையும் தூங்கவிடவில்லை. தேவதைக் கதைகள் தொகுத்த கிரிம் சகோதரர்களை உங்களுக்குத் தெரியும். அவர்களில் மூத்தவர் யாக்கோப் கிரிம், 1848-ல் கொடுத்தலையும் பரிசளித்தலையும் பற்றியே ஒரு தனி உரை நிகழ்த்தினார். சகோதரர்கள் இருவரும் தொடங்கிய ஜெர்மன் பேரகராதியின் முதல் தொகுதி 1854-ல் வந்தது. யாக்கோப் 1863-ல் இறந்தபோது எஃப் எழுத்தில், பழம் என்று பொருள்படும் ஃப்ருக்ட் என்ற சொல்லில் நின்றிருந்தார். அடுத்த எழுத்தான ஜி-யில் வரும் கிஃப்ட்டை எழுத அவருக்குக் காலம் கிடைக்கவில்லை. அந்த அகராதி முடிந்தது 1961-ல். தலைமுறை தலைமுறையாகச் சொல் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்கள்!

1924-ல் மார்செல் மாஸ் என்ற பிரெஞ்சு அறிஞர் 'கிஃப்ட், கிஃப்ட்' என்றே தலைப்பு வைத்து ஒரு சிறு கட்டுரை எழுதினார். முதல் கிஃப்ட் பரிசு, இரண்டாவது விஷம். அவர் சொன்னது இது. பழைய ஜெர்மானியரிடம் பரிசு என்றாலே பெரும்பாலும் விருந்தில் ஊற்றிக் கொடுக்கும் பானம்தான். கையில் வாங்கிய கிண்ணத்தில் இருப்பது பரிசா விஷமா என்று குடிக்கும்வரை தெரியாது. அதுமட்டும் இல்லை. வாங்கிய பரிசு வாங்கியவனைக் கட்டிப்போடும். திருப்பிச் செய்யும்வரை அவன் தலைநிமிர முடியாது. ஆகவே ஒவ்வொரு பரிசிலும் ஒரு துளி விஷம் கலந்தே இருக்கிறது என்பதுபோல் அவர் விளக்கினார். மறு ஆண்டு கொடையைப் பற்றி அவர் வெளியிட்ட நீண்ட ஆய்வு உலகப் புகழ் பெற்றது. நம் வீடுகளில் மொய் நோட்டு எழுதிய கைகளுக்கு மாஸ் சொன்னது எளிதில் விளங்கும்.

கடைசியாக ஸ்வீடன். அந்த அம்மா சொல்லிச் சிரித்தாரே, அந்த ஊர்.

ஸ்வீடிஷில் விஷம் என்ற பொருள் வெளியிலிருந்து வந்தது. ஹான்ஸா வணிகர்கள் என்ற வட ஜெர்மன் வியாபாரிகள், 13-ஆம் நூற்றாண்டு முதல் பால்டிக் கடலோரம் எல்லாம் கடை விரித்திருந்தார்கள். அவர்கள் பேசிய கீழ் ஜெர்மனிலிருந்து ஆயிரக்கணக்கான சொற்கள் வட நாடுகளுக்குப் போயின. விஷமான கிஃப்ட் அந்தச் சரக்கோடு இறங்கியது. கல்யாணம் என்ற பொருள் மட்டும் அவர்கள் சொந்த வீட்டுச் சொத்து. இப்படித்தான் ஒரே எழுத்தில் இரண்டும் சேர்ந்து, கல்யாணமான ஆண்களின் வேடிக்கைப் பேச்சுக்குத் தீனியானது. மச்சான்மார் யாரும் இதை வாட்ஸப்பில் போட்டு மதினிமாரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டாம். இரண்டும் வேறு வேறு வழியில் வந்த சொற்கள்.

ஸ்வீடனில் திருமணமானவளை ஏன் 'கொடுக்கப்பட்டவள்' என்றார்கள்? உண்மையிலேயே கொடுத்தார்கள், அதனால்தான். 1734-ல் ஸ்வீடன் நாட்டுக்கு ஒரு பெரிய சட்டத் தொகுப்பு வந்தது. அதன் முதல் பகுதியே திருமணச் சட்டம், பெயர் கிஃப்தர்மோல்ஸ்பால்கன். பெண்ணை மணம் செய்து கொடுக்கும் உரிமை உள்ளவருக்குச் சட்டத்திலேயே ஒரு பட்டம் இருந்தது: கிஃப்தோமான், 'கொடுக்கும் ஆள்'. முதல் உரிமை தகப்பனுக்கு. அவர் இல்லாவிட்டால் நெருங்கிய உறவினர்களுக்கு. அவர் சம்மதம் இல்லாமல் ஒரு கன்னிப்பெண் மணம் முடிக்க முடியாது.

வயது வந்த பெண் தன் விருப்பப்படி மணம் செய்துகொள்ளலாம், கொடுக்கும் ஆளின் சம்மதம் தேவையில்லை என்று சட்டம் மாறியது 1872-ல். ஆனால் மணமான பிறகு அவள் கணவனின் பொறுப்பில் இருப்பவள் என்பது மாறவில்லை. 1920-ல் இயற்றி 1921-ல் நடைமுறைக்கு வந்த புதிய திருமணச் சட்டம்தான் மணமான பெண்ணையும் தன் பொறுப்பில் நிற்கும் முழு மனுஷி என்று ஏற்றது. அந்தச் சட்டத்துக்கும் பழைய பெயரே இருந்தது. 1987-ல் மறுபடி புதுச் சட்டம் எழுதியபோது பெயரையும் மாற்றினார்கள். 'கொடுத்தல்' போய், எக்தன்ஸ்காப் என்ற வேறு சொல் சட்டத்தின் தலைப்பில் ஏறியது.

ஆனால் பேச்சில் அந்தச் சொல் போகவில்லை. இன்றும் ஸ்வீடனில் ஆணும் பெண்ணும் 'நான் கிஃப்ட்' என்றுதான் சொல்கிறார்கள். கல்யாணம் செய்துகொள்வதற்கு அவர்கள் சொல்வது 'யிஃப்தா சேய்'. இதில் 'சேய்' என்பதற்குத் தன்னை என்று பொருள். மகளைக் கட்டிக் கொடுப்பதற்கு 'யிஃப்தா போர்ட்'. அங்கே 'போர்ட்' என்றால் அப்பால், வெளியே. ஒன்று தன்னைத் தானே கொடுப்பது. மற்றது இன்னொருவர் எடுத்து வெளியே கொடுப்பது. வினை ஒன்றுதான். யார் கொடுக்கிறார் என்பதுதான் வேறு.

இதைப் படித்துவிட்டு நான் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். முதலில் சொன்னேனே, மனசில் புரண்ட விஷயம் என்று. அது இதுதான்.

கிரேக்கத்தின் தோசிஸ் என்று சொன்னேன் அல்லவா? அதன் வேரிலிருந்து கிளைத்ததுதான் சமஸ்கிருதத்தின் தானம். லத்தீனில் சீதனத்தைக் குறிக்கும் சொல்லும், அதிலிருந்து வந்த ஆங்கில டவ்ரியும் அதே வேர்தான். தானம், டோஸ், டொனேஷன், டவ்ரி நான்கும் ஒன்றுக்கொன்று சொந்தம். நம் கல்யாண மேடையில் சொல்லப்படும் கன்னிகாதானம் என்ற சொல்லில் அந்த வேர் உட்கார்ந்திருக்கிறது. சமஸ்கிருதத்தை விட்டுத் தமிழுக்கு வந்தாலும் தப்பவில்லை. "பெண்ணை எங்கே கொடுத்திருக்கீங்க?" "மதுரையில கட்டிக் கொடுத்திருக்கோம்." நாம் நாள்தோறும் பேசுவதுதானே?

இப்படிப் பேசுவதே குற்றம் என்று நான் சொல்ல வரவில்லை. ஸ்வீடன்காரர்களும் சொல்லை மாற்றவில்லை. கொடுக்கும் ஆளைத்தான் மாற்றினார்கள். சொல் அப்படியே இருக்கட்டும். ஆனால் அந்தச் சொல்லுக்குப் பின்னால் நாம் என்ன செய்கிறோம் என்று பார்க்க வேண்டும்.

நம் நாட்டில் வரதட்சணைத் தடைச் சட்டம் வந்தது 1961-ல். கேட்டு வாங்குவது குற்றம். கேட்காமல் மனமுவந்து கொடுக்கும் அன்பளிப்புக்கு மட்டும் அந்தச் சட்டம் இடம் விடுகிறது. அதையும் பட்டியல் எழுதி வைக்க வேண்டும். விளைவு என்ன? இன்று யாரும் வரதட்சணை என்ற சொல்லைச் சொல்வதில்லை. "எங்களுக்கு ஒண்ணும் வேண்டாம், உங்க பொண்ணுக்கு நீங்க என்ன போடுவீங்களோ போடுங்க." "எல்லாம் ஆசையாக் கொடுக்கிறதுதான்." ஜெர்மானியர்கள் விஷத்தின்மேல் 'கொடுத்தல்' என்ற போர்வையைப் போர்த்தினார்கள். நாம் வரதட்சணைமேல் அதே போர்வையைப் போர்த்துகிறோம்.

என் கல்யாணத்துக்கு எங்கள் அப்பா வாங்கிய கடனை அடைக்க 11 வருஷம் ஆயிற்று. இதைப் படிக்கிற என் தம்பிகளுக்கு அது தெரியும். அவர்கள் காலேஜ் படிப்பு அந்தக் கடனில்தான் நின்றுபோனது. அன்று அதை யாரும் வரதட்சணை என்று சொல்லவில்லை. அன்பளிப்பு என்றுதான் சொன்னார்கள். அந்த அன்பளிப்புக்கு எந்த நாட்டு மொழியில் பொருள் சொல்வது என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன்.

இந்தத் தை மாதம் நம் சொந்தத்தில் இரண்டு கல்யாணம் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பெரியவர்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. பேச்சுவார்த்தைக்கு உட்காரும்போது, எத்தனை பவுன் என்ற கேள்விக்கு முன்னால், அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, "உனக்குச் சம்மதமா?" என்று கேளுங்கள். சபையில் வைத்துக் கேட்டால் அவள் தலையைத்தான் ஆட்டுவாள். தனியாகக் கேளுங்கள். அவள் பதில் சொல்லும்வரை காத்திருங்கள்.

ஜெர்மனியில் இருக்கும் கண்ணம்மா, உன் கேள்விக்குப் பதில் கிடைத்ததா? அந்த ஸ்வீடன்காரம்மாவிடம் 'யிஃப்தா சேய்', 'யிஃப்தா போர்ட்' இரண்டுக்கும் வேறுபாட்டைக் கேட்டுப் பார். மற்றவர்கள் உங்கள் ஊர்ப்பக்கம் 'கொடு' என்ற சொல்லை எப்படியெல்லாம் புழங்குகிறீர்கள் என்று கீழே எழுதுங்கள். இலங்கையிலும் மலேசியாவிலும் இருக்கும் பிள்ளைகள் அவசியம் எழுத வேண்டும். படித்துவிட்டு வெறும் கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போகிறவர்களுக்கு மதிப்பெண் கிடையாது.

அன்புடன்,
உங்கள் டீச்சர்